விசாரிக்க வந்த வெள்ளைக் கார்

சபரிநாதன் கோழிகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறான் என்ற செய்தி ஆனி மாதக் கடைசியில் மேட்டுக்காடு முழுக்கப் பரவியது. விடிகாலையில் பால் கேனோடு அவன் கோழிச்செட்டு ஓரமாகப் போனவர்கள் காதால் கேட்ட சங்கதி. உள்ளேயிருந்து, "குட் மார்னிங் சார், ஐ ஆம் சபரிநாதன், ஐ ஆம் ஏ ஹார்டு ஒர்க்கர்" என்று ஒரு குரல். பதிலுக்கு ஆயிரக்கணக்கில் கொக்கரிப்பு. காத்துக் கருப்பு என்றார்கள் சிலர். கல்யாணம் ஆகாத ஏக்கம் என்றார்கள் பலர். மேட்டுக்காட்டில் ரகசியம் என்பது குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்லும் செய்தி, அவ்வளவுதான். ஆகவே இரண்டொரு நாளில் உண்மை வெளியே வந்துவிட்டது. பையன் வேலைக்குப் போகப் போகிறான். அதுவும் அப்பிரன்டிஸாக.

புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வந்தால், எட்டு ஏக்கர் தோட்டமும் வற்றாத கிணறும் நீளமான இரண்டு கோழிச்செட்டும் யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை, காற்றே சொல்லிவிடும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, இருபத்தொன்பது வயதில் ஒருவன் கிரீஸ் துடைக்கப் போகிறேன் என்று கிளம்பினால் அதற்குக் காரணம் இல்லாமல் இருக்குமா? காரணம் பெண்தான். அதாவது, பெண் இல்லாததுதான்.

நாமக்கல் பக்கம் இப்போதெல்லாம் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் முகத்தைப் பிறகுதான் பார்க்கிறார்கள். முதலில் கழுத்தைப் பார்க்கிறார்கள். அங்கே ஒரு கம்பெனி அட்டை தொங்க வேண்டும். தோட்டம் இருந்தால் சந்தோஷம். ஆனால் தோட்டத்தில் மாப்பிள்ளை இருக்கக் கூடாது. சபரியை நான்கு வருடமாக இடம் இடமாகக் கூட்டிப் போனார்கள். போன இடமெல்லாம் பஜ்ஜி நன்றாக இருந்தது. பதில்தான் ஒரே மாதிரி வந்தது: "கோழிப் பண்ணைங்களா? பாப்பா வேண்டாங்குது."

கடைசியாகப் போனது அயோத்தியாப்பட்டணம். பெண் பெயர் சௌமியா. காபி டம்ளரை நீட்டியவள், "சக்கரை போதுமாங்க?" என்று கேட்டாள். அத்தனை இடத்தில் அவனுடைய நிலத்தைக் கேட்டார்கள், நட்சத்திரத்தைக் கேட்டார்கள், சர்க்கரையை யாரும் கேட்டதில்லை. போதவில்லை என்றாலும் போதும் என்றான். வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தக் காபியின் கசப்பே அவனுக்கு நாக்கில் இனித்துக்கொண்டிருந்தது. சௌமியாவின் அப்பா தனபால் மறுநாள் போனில் சொன்னார்: "எல்லாம் புடிச்சிருக்குதுங்க. பையனுக்குன்னு ஒரு கம்பெனி உத்தியோகம் மட்டும் இருந்துட்டாப் போதும். ஆடி போவட்டும், ஆவணியில பேசிக்கலாம்."

சபரி பீரோவுக்கு அடியிலிருந்து தன் ஐ.டி.ஐ. டீசல் மெக்கானிக் சான்றிதழை எடுத்துத் தூசி தட்டினான். அப்பா தவறியதும் கோழிச்செட்டைப் பார்க்க வந்துவிட்டதால் அதற்கு இதுவரை வேலையே இல்லை. திருச்செங்கோட்டு ரோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள் கட்டும் கம்பெனி ஒன்று, இரண்டு வருடப் பயிற்சிக்கு ஆள் எடுப்பதாக வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. முப்பது வயது தாண்டக் கூடாது. அவனுக்கு ஐப்பசியில் முப்பது. பெண் வீட்டுக் கெடு ஆவணி, கம்பெனிக் கெடு ஐப்பசி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான்.

பயிற்சி கொடுக்க ஆள் பக்கத்து வீட்டிலேயே இருந்தது. பூவாத்தாளின் மருமகள் ஷாலினி, கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவள். பூவாத்தாள் சபரிக்குப் பெரியம்மா முறை; அதனால் ஷாலினி அண்ணி. சாயங்காலம் முட்டை அறையில், அட்டைகளை அடுக்கி முடித்த பிறகு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு நேர்காணல் நடத்தினாள். கறிவேப்பிலை கேட்க வந்த பூவாத்தாள், அது கிடைத்த பிறகும் கதவோரம் நின்றாள்.

"உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றாள் ஷாலினி, ஆபீஸ் குரலில்.

சபரி தொண்டையைச் செருமினான். "எம் பேரு சபரிநாதனுங்க. அப்பா இல்லீங்க, அம்மா மட்டும். அக்காவ ஈரோட்டுல குடுத்திருக்குது. தோட்டம் எட்டு ஏக்கரா, கெணத்துல தண்ணி வத்தாது. கடன் கிடன் கெடையாதுங்க. பீடி, சிகரெட்டு, தண்ணி ஒண்ணும் இல்ல. சுத்த ஜாதகம்."

ஷாலினி பேனாவைக் கீழே வைத்தாள். "ஏனுங் கொழுந்தனாரே, கம்பெனிக்காரன் உங்களுக்குப் பொண்ணா குடுக்கப் போறான்?"

"பழக்கத்துல வந்துருச்சு அண்ணி."

"சரி, உங்ககிட்ட இருக்கற பலவீனம் என்ன?"

"சக்கரை, பிரசர் ஒண்ணும் இல்லீங்க."

"ஐயோ. அஞ்சு வருசம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?"

"இதே ஊட்லதானுங்க. தனியா இருக்கோணும்னா டவுன்ல ஊடு பாத்துக்கலாம், அம்மா ஒண்ணும் சொல்லாது."

"அடப் பாவி!" பூவாத்தாள் கறிவேப்பிலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இத உன்ற ஆத்தாளக் கேட்டுட்டா சொல்ற?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நான்கு வருடமாக ஒரே கேள்விகளுக்குப் பதில் சொன்ன நாக்கு, செக்குமாடு மாதிரி தடம் போட்டுவிட்டது. ஷாலினிதான் அதை இழுத்து வேறு பக்கம் திருப்பினாள். நிலத்தைப் பற்றிப் பேசக் கூடாது. கோழியைப் பற்றிப் பேசவே கூடாது. முக்கியமாக, கல்யாணம் என்ற சொல் வாயில் வரக் கூடாது.

"பொண்ணு கெடைக்கறதுக்காக வேலைக்கு வர்றேன்னு தெரிஞ்சா, வாசல்லயே அனுப்பிருவாங்க. கேட்டா, அந்த நெனப்பே இல்லீங்கன்னு சொல்லோணும்."

"பொய்யில்லீங்களா?"

"இன்டர்வியூல சொல்றதுக்குப் பேரு பொய்யில்ல. பதிலு."

பூவாத்தாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கேட்டதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பது அவள் இஷ்டம்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் போன பெண் வீட்டார், கொஞ்ச நாள் கழித்து சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு பேரை அனுப்பி அக்கம்பக்கத்தில் பையனைப் பற்றி விசாரிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். மேட்டுக்காட்டுக்குள் நுழைந்ததும் முதல் வீடு பூவாத்தாளுடையது. எந்த விசாரிப்பும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். போன வருடம் ராசிபுரத்திலிருந்து வந்தவர்களிடம் அவள், "பையன் சொக்கத் தங்கமுங்க. ஆத்தாக்காரிதான் கொஞ்சம் வாயி" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. சபரியின் அம்மா வசந்தாமணிக்கு விஷயம் எட்டியது. அன்றிலிருந்து அவள் பூவாத்தாளோடு நேராகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைக் கோழியைப் பார்த்துச் சொல்லுவாள். "சில பேருக்கு நாக்கு முழ நீளம், ஓடு ஓடு" என்று அவள் விரட்டினால் அது கோழியை இல்லை என்று கோழிக்கே தெரியும்.

பூவாத்தாளுக்கும் உள்ளுக்குள் உறுத்தல்தான். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஆள் வந்தால், இந்த முறை பழியைத் துடைத்துவிட வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள்.

இதற்கிடையில் சபரிக்கு வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கேள்விக்குப் பதில் படிக்க என்று ஐ.டி.ஐ. புத்தகத்தைத் திறந்தவன் மூட மறந்தான். முதலில் மருந்தடிக்கும் பம்பைப் பிரித்தான். அடுத்து தீவனம் அரைக்கும் மிஷின் மோட்டார். வாசல் நடையில் சாக்கை விரித்து நட்டு, போல்ட்டு, வாஷர் என்று பரப்பி வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. செட்டுக்குள் நடந்துகொண்டே பதில்களை உரக்கச் சொன்னான். சத்தத்துக்குக் கோழிகள் மிரண்டன. மிரண்ட கோழி ஒழுங்காக முட்டை போடுமா?

"சாமி, நீ வேலைக்குப் போறதுக்குள்ள இருக்கற பொழப்பும் போயிரும்போல" என்றாள் வசந்தாமணி. "முட்டை அட்டை கொறையுது. கோழி பாதி நேரம் உன்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்குது."

"நல்லதும்மா. மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லோணும்னு அண்ணி சொல்லியிருக்குது."

ஆடி பிறந்து காற்று சுழற்றி அடிக்க ஆரம்பித்த வாரத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். சபரி தேய்த்த சட்டையில், சென்ட் கொஞ்சம் தூக்கலாகவே போட்டுக்கொண்டு போனான். மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். பயிற்சிப் பிரிவைப் பார்க்கும் அறிவுச்செல்வி, முப்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவள். பக்கத்தில் ஒர்க்‌ஷாப் மேனேஜர் காளியண்ணன், வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, சட்டைப் பையில் சிவப்புப் பேனா.

அறிவுச்செல்வி கேட்டதற்கெல்லாம் சபரி ஷாலினி சொன்னபடியே சொன்னான். ஹைட்ராலிக் ஆயில் பால் மாதிரி வெளுத்துப் போனால் என்ன அர்த்தம் என்றாள். தண்ணீர் கலந்திருக்கிறது என்றான். வால்வு ஒன்றைப் பற்றிக் கேட்டாள். தெரியாது என்றான். அதுவும் ஷாலினி சொன்னதுதான்: தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும், தெரிந்ததை வளர்த்திச் சொல்ல வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, காளியண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடும் வரை.

"எந்த ஊருங்க தம்பி? மேட்டுக்காடா? நெலம் எவ்வளவு?"

"கொஞ்சம் இருக்குதுங்க."

"கெணத்துல தண்ணி?"

நாக்கு பழைய தடத்தில் ஏறிவிட்டது. "வத்தாதுங்க! சித்திரையிலயும் எட்டிப் பாத்தாத் தெரியும். எட்டு ஏக்கராவும் ஒரே வரப்புல..."

அறிவுச்செல்வி கண்ணாடியைக் கழற்றினாள். "இவ்வளவு இருக்குது. அப்பறம் எதுக்கு அப்பிரன்டிஸா வர்றீங்க? போன வருசம் தோட்டம் இருக்கற பசங்களாப் பாத்து எடுத்தோம். கல்யாணம் ஆனவுடனே பாதிப்பேரு ஓடிட்டாங்க. உங்களுக்குக் கல்யாணம்?"

"அந்த நெனப்பே இல்லீங்க."

அவ்வளவு வழவழப்பாக வந்தது அந்தப் பதில். அவனுக்கே வெட்கமாக இருந்தது. காளியண்ணன் மட்டும் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "சொல்லி அனுப்பறோம்" என்றாள் அறிவுச்செல்வி.

சொல்லி அனுப்புவதற்குள் சபரி படுத்திய பாடு கொஞ்சமில்லை. போனைச் சட்டைப் பையில் வைத்தான், எடுத்தான், செட்டுக்குள் சிக்னல் இல்லை என்று வாசலுக்கு வந்தான், வாசலில் ஷாலினி "வந்துருச்சா?" என்று கேட்பாள் என்று மறுபடி செட்டுக்குள் போனான். பிரித்த மோட்டாரைச் சேர்த்தான். சேர்த்ததை மறுபடி பிரித்தான். முட்டை ஏற்ற வந்த லாரிக்காரரிடம், வண்டிப் புகை ஏன் கறுப்பாக வருகிறது தெரியுமா என்று கேட்டு அவரையும் பயமுறுத்தினான். அந்த வாரம் முழுக்க அவன் நிம்மதியாகச் சாப்பிட்டது காபி மட்டும்தான். அதிலும் சர்க்கரை போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை நாமக்கல் போய் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு குட்டியானை மினி லாரியில் திரும்பி வந்தான். ஊருக்குள் நுழையும்போதே பூவாத்தாள் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நிறுத்து சாமி, நிறுத்து! எறங்கு கீழ. முதல்ல எனக்கு ஒரு சேலை எடுத்துக் குடு."

"என்ன பெரியம்மா?"

"வந்துட்டுப் போய்ட்டாங்க! அயோத்தியாப்பட்டணத்தாளுங்க. வெள்ளைக் காரு. ஒரு பொம்பள, ஒரு பெரியவரு. பொண்ணோட சித்தியும் மாமனும்போல. என்ற ஊட்டுக்குத்தான் நேரா வந்தாங்க. மோரு குடுத்தேன்."

சபரியின் நெஞ்சுக்குள் கோழி ஒன்று சிறகடித்தது. "என்ன கேட்டாங்க?"

"எல்லாரும் கேக்கறதுதான். சபரிநாதன்னு ஒரு பையன், எப்படீங்க, குடி கிடி உண்டா, ஊட்ல எப்படின்னு. நான் உட்ருவனா? இந்தத் தடவ உன்ற ஆத்தாளப் பத்தி ஒரு வார்த்த கொறச்சுப் பேசல. வசந்தாமணி வாயில்லாப் பூச்சின்னு சொன்னேன். எனக்கே சிரிப்பு வந்துருச்சு, அடக்கிக்கிட்டேன்."

"அப்பறம்?"

"அப்பறம் அந்தப் பொம்பள, பையன் கம்பெனி வேலைக்குப் போறாராமேன்னு இழுத்துச்சு. ஏங்கண்ணு, புள்ளையக் குடுக்கறவங்களுக்குக் கவலை இருக்காதா? மெசினுல கை கால் போயிருச்சுன்னா என்ன பண்றதுன்னு நெனப்பாங்களா மாட்டாங்களா? நான் நறுக்குன்னு சொல்லிப்போட்டேன். 'ஏனுங், அவனுக்கு வேலைக்குப் போகோணும்னு தலையெழுத்தா? கம்பெனியெல்லாம் சும்மா, ஊருக்குக் காட்டறதுக்கு. கழுத்துல தாலி ஏறட்டும், மறுநாளே உதறிட்டு ஊட்டுக்கு வந்துருவான். நைட் சிப்டெல்லாம் அவனுக்கு ஆவாது. விளக்கு வெச்சாப் படுத்துக்குவான். உங்க புள்ள ராத்திரியில தனியாக் கெடக்கோணும்னு இல்லீங்க'ன்னேன்."

சபரி குட்டியானையின் கதவைப் பிடித்துக்கொண்டான். "அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அந்தப் பொம்பள மூக்குக் கண்ணாடிக்கு மேல பாத்துச்சு பாரு, அத்தன சந்தோசம் அதுக்கு."

"கண்ணாடிக்கு மேலயா?"

"ஆமா. அந்தப் பெரியவரு மட்டும் கொஞ்சம் உம்முனு இருந்தாரு. வெள்ளச் சட்ட, நரச்ச மீச. சட்டை ஜோப்புல செவப்புப் பேனா. மாமன்காரரு ஏதோ ஆபீசுல இருப்பாருபோல."

சபரி அப்படியே மூட்டை மேல் சாய்ந்தான். "பெரியம்மா, அது அயோத்தியாப்பட்டணம் இல்ல. என்ற கம்பெனி."

"கம்பெனியா?" பூவாத்தாள் கன்னத்தில் கை வைத்தாள். "கம்பெனிக்காரன் எதுக்குடா ஊட்டுக்கு வந்து விசாரிக்கறான்? அவன் என்ன பொண்ணா குடுக்கறான்?"

அவள் மருமகள் முட்டை அறையில் கேட்ட அதே கேள்வி. சத்தம் கேட்டு வெளியே வந்த ஷாலினி விஷயம் புரிந்து தலையில் அடித்துக்கொண்டாள். வசந்தாமணி செட்டு வாசலில் நின்று, முதன்முறையாக எந்தக் கோழியையும் துணைக்குக் கூப்பிடாமல் நேராகவே பேசினாள். "ஒரு எடம் உடமாட்டியாக்கா நீ?"

பூவாத்தாளின் கண் கலங்கிவிட்டது. "நான் நல்லதுக்குத்தான் வசந்தா சொன்னேன். உன்ன வாயில்லாப் பூச்சின்னுகூடச் சொன்னேன்" என்றாள்.

சபரி மக்காச்சோளத்தை இறக்கவில்லை. மூட்டைகளோடு குட்டியானையைத் திருப்பிக்கொண்டு திருச்செங்கோட்டு ரோட்டில் போனான். வழி நெடுக, சொல்ல வேண்டியதை வரிசையாக அடுக்கினான். பெரியம்மாவுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று சொல்லலாம். அது வேறு சபரிநாதன் என்று சொல்லலாம். ஒவ்வொன்றும் ஒரு ஊர் தாங்கியது. அடுத்த ஊர் வருவதற்குள் அவனுக்கே அசிங்கமாகப் போய்விட்டது.

கேட்டில் காவலுக்கு இருந்தவர் மக்காச்சோளம் எந்த டிபார்ட்மென்டுக்கு என்று கேட்டார். அறிவுச்செல்வி மேடம் பேரைச் சொல்லி நின்றான். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பாதி கட்டி முடித்த ரிக் வண்டி ஒன்று, குழாய்களெல்லாம் வெளியே தொங்க, குடலைக் காட்டிக்கொண்டு நின்றது. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அவன் கண் தானாகத் தொடர்ந்து போயிற்று. ஒரு குழாய் எங்கே போகிறது என்று பிடிபடவில்லை. வேலியை ஒட்டி நான்கடி நகர்ந்து பார்த்தான். அப்போதும் பிடிபடவில்லை.

"என்ன பாக்கறீங்க?" பின்னால் அறிவுச்செல்வி. காளியண்ணனும் டீ டம்ளரோடு வந்திருந்தார்.

"அந்த மூணாவது குழாய் எங்க போவுதுங்க?"

"அது உங்களுக்கு எதுக்குங்க? கல்யாணம் ஆன மறுநாளே உதறிட்டுப் போறவருக்கு?" அவள் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. "போன வருசம் ஏமாந்ததுல, இந்தத் தடவ ஊருக்கே போய் விசாரிக்கறோம். உங்க ஊர்ல மோரு நல்லா இருந்துச்சு. நீங்க சொன்னதுதான் நல்லா இல்ல. அந்த நெனப்பே இல்லைன்னீங்க."

அடுக்கி வைத்த பதில் எதுவும் வரவில்லை. ஷாலினியின் பாடமும் வரவில்லை, எட்டு ஏக்கரும் வரவில்லை.

"இருக்குதுங்க" என்றான். "அதுக்காகத்தான் அப்ளிகேசனே போட்டேன். கோழிக்காரனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்க. இங்க வந்து பொய் சொன்னேன், தப்புதான். பெரியம்மா உங்களப் பொண்ணூட்டாளுங்கன்னு நெனச்சுப் பேசிருச்சு. அது சொன்னதுல பாதி நெசம். முந்தி இருந்த நெசம்."

"இப்ப?"

"இப்ப என்னமோ ஆயிருச்சுங்க. உங்க கேள்விக்காகப் பம்பு, மோட்டார்னு பிரிச்சுப் போட ஆரம்பிச்சேன். உட முடியல. கோழிக்கு நான் நின்னாலும் ஒண்ணுதான், நிக்காட்டியும் ஒண்ணுதான். மிஷினு அப்படி இல்லீங்களே. பொண்ணு கெடச்சா விட்டுருவனான்னு என்னக் கேட்டா, எனக்கே தெரியலீங்க. இன்னிக்கு விட மாட்டேன்."

அறிவுச்செல்வி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். தெரியலீங்க என்ற பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்று யோசித்தாளோ என்னவோ. "மனசுக்கு நல்லாத்தான் இருக்குது நீங்க சொல்றது. ஆனா நான் ரெண்டு வருசத்துக்கு ஆள் எடுக்கறேன். நாளைக்கே ஒரு எடம் அமைஞ்சு..."

காளியண்ணன் டீயின் கடைசி மடக்கைக் குடித்தார். "எம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? என்ற பையன் இன்ஜினியரு. இதே கம்பெனியில டிசைன்ல இருக்கறான், கழுத்துல அட்டை தொங்குது. நாலு வருசமாப் பாக்கறம். ஒண்ணும் அமையல. தோட்டம் இல்லியாங்கறாங்க, பெங்களூர்ல வேலை இல்லியாங்கறாங்க. இன்ஜினியருக்கே இந்தக் கெதி. இவரு கோழிக்காரரு." அவர் சபரியை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கமா, சொந்தக் கதையா, சொல்ல முடியாது. "தாலி கட்டுன மறுநாள் விட்டுருவார்னு அந்தம்மா சொன்னாங்க. சரி. தாலி கட்டோணுமில்ல? ரெண்டு வருசத்துக்குள்ள ஒண்ணும் நடக்காது. தைரியமா எடுத்துக்கலாம்."

அறிவுச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சபரிக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முகம் கோணியது. இத்தனை நாள் கோழிகளிடம் சொல்லிப் பழகிய பதில்களால் ஆகாதது, அவனுக்குப் பெண் கிடைக்காது என்ற நம்பிக்கையால் ஆயிற்று.

"திங்கக்கிழமை ஏழு மணி ஷிப்ட்" என்றாள் அவள். "மொதல்ல அந்த மக்காச்சோளத்த எடுத்துக்கிட்டுப் போங்க, மழை வருது. அப்பறம், மூணாவது குழாய், ரிட்டர்ன் லைன். டேங்குக்குப் போவுது."

மேட்டுக்காட்டில் அன்றைக்குச் சாயங்காலமே செய்தி வேறு உருவம் எடுத்துவிட்டது. தான் பேசிய பேச்சில்தான் பையனுக்கு வேலை கிடைத்தது என்று பூவாத்தாள் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. வசந்தாமணி ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பினாள். சர்க்கரை கம்மி என்று பூவாத்தாள் சொன்னதாக ஷாலினி சொன்னாள். அது வசந்தாமணி காதுக்குப் போனதா என்பது தனிக் கதை. அட்டை இல்லாத மாப்பிள்ளைக்கு அட்டை வந்துவிட்டது என்று தனபாலுக்கும் போன் போனது. ஆடி முடியட்டும், பார்க்கலாம் என்றார்.

திங்கட்கிழமை சபரி இன்னும் இருட்டுக் கலையாத நேரத்திலேயே எழுந்துவிட்டான். ஊதா நிறக் கம்பெனிச் சட்டை. கழுத்தில் தற்காலிக அட்டை. கோழிகளுக்குக் குட் மார்னிங் சொல்லாமல் தண்ணீர் மட்டும் திறந்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான். முதல் நாளே தாமதமாகப் போய் நிற்கக் கூடாது என்ற பதைப்பில் பைக்கும் அவனோடு சேர்ந்து துடித்தது.

ஊர் முனை வளைவில் ஒரு கார் எதிரில் வந்து நின்றது. இதுவும் வெள்ளை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒருவர் தலையை நீட்டினார். பின்சீட்டில் ஒரு அம்மாள், மடியில் பூப்போட்ட பை.

"தம்பி, நீங்க இந்த ஊருதானா? நாங்க அயோத்தியாப்பட்டணத்துல இருந்து வாரோம். இங்க சபரிநாதன்னு ஒரு பையன், கோழிப்பண்ணை வெச்சிருக்காரே... ஆளு எப்படி?"

ஹெல்மெட்டுக்குள் இருப்பது அந்தச் சபரிதான் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான்கு வருடமாகச் சேர்த்து வைத்த பதிலெல்லாம் ஒரே நேரத்தில் நாக்கு நுனிக்கு ஓடி வந்தது. எட்டு ஏக்கர், வற்றாத கிணறு, சுத்த ஜாதகம், ஹார்டு ஒர்க்கர். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? ஹெல்மெட்டைக் கழற்றினால் கதை வேறு. கை தாடைப் பட்டைக்குப் போனது.

போன கையில் கடிகாரம் இருந்தது. ஏழு மணி ஷிப்ட்.

"எனக்குச் சரியாத் தெரியலீங்க" என்றான். "நான் வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கறேன். அதோ, ஊருக்குள்ள நொழஞ்சதும் முதல் ஊடு. பூவாத்தாள்னு ஒரு பெரியம்மா இருப்பாங்க. அவங்களக் கேளுங்க. எல்லாம் சொல்லுவாங்க. மோரும் குடுப்பாங்க."

கார் நகர்ந்தது. சபரி கியரைப் போட்டுவிட்டு ஒரே ஒரு தடவை பக்கக் கண்ணாடியில் பார்த்தான். பூவாத்தாள் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள். இந்த முறை அவள் ஏமாறத் தயாராக இல்லை என்பது இடுப்பில் கை வைத்து நின்ற விதத்திலேயே தெரிந்தது. கார்க் கதவு திறப்பதற்கு முன்பே அவள் குரல் வளைவு வரைக்கும் கேட்டது.

"அங்கயே நில்லுங்க! கம்பெனியா, பொண்ணூடா, அதச் சொல்லிப்போட்டு எறங்குங்க!"

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்க அவன் நிற்கவில்லை.